பாட்டு டீச்சரின் மேல்வரிசை

பல் ஆஸ்பத்திரியின் முன்பக்கம் கண்ணாடியும் சோபாவுமாகப் பளபளவென்று இருக்கும். பின்பக்கம் ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறை. அந்த ஜன்னலுக்கும் பக்கத்துக் கட்டடச் சுவருக்கும் நடுவில் ஒரு பூனை போகலாம், வேறெதுவும் போகாது. அந்த அறையில் உட்கார்ந்து பதினான்கு வருடமாகப் பல் செட் செய்துகொண்டிருந்தாள் அவள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் மெழுகக்கா. சூடான மெழுகை விரல் நுனியால் தடவி ஈறு வளைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் வந்த பெயர். ஆள் மெழுகு கிடையாது. ஒருவர் மேல் கோபம் வந்தால் அது தாடை வார்க்க அவள் குழைக்கிற சாந்து மாதிரி. முதலில் குழகுழவென்று இருக்கும், கால் மணி நேரத்தில் கல்லாகிவிடும். அப்புறம் உடைக்கலாமே தவிர கரைக்க முடியாது.

அறையின் மூன்று சுவரிலும் அலமாரி, அலமாரி நிறையச் சாந்தில் வார்த்த தாடைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண் இருக்கும், பெயர் இருக்காது. எந்த எண் யார் என்பது டாக்டருடைய நோட்டிலும் அவள் தலைக்குள்ளும் மட்டும். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்து ஒருவர் சிரித்தால் அதில் எத்தனை பல் சொந்தம், எத்தனை பல் தன் கைவேலை என்று அவளுக்குத் தெரியும். வெளியே மூச்சு விட மாட்டாள். கணவன் டவுன் பஸ் டிரைவர். "யாரது, உன்னைப் பாத்ததும் வாயைப் பொத்திக்கிட்டு இறங்கிப் போறாரு?" என்று அவன் கேட்டால், "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்பாள். அவ்வளவுதான்.

அந்த அலமாரியில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் அவளுடைய நாத்தனாருடையது. கணவனின் அக்கா. ஊருக்குப் பாட்டு டீச்சர். சமூகக்கூடத்தில் நாற்பது பேர் கொண்ட பாட்டுக்குழு நடத்துகிறவர். பெரியவர்களும் குழந்தைகளுமாக வாரம் இரண்டு நாள் பயிற்சி. தனியாக இருந்தார். ஆறு வருடத்துக்கு முன் ஈறு நோவில் மேல்வரிசைப் பல் மொத்தமும் ஆட்டம் கண்டு எடுக்கவேண்டியதாயிற்று. விடுமுறை நாளில் பின்கதவு வழியாக வந்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, "என் தம்பிக்குக்கூடத் தெரியக் கூடாதும்மா" என்று கேட்டுக்கொண்டார். மெழுகக்கா கணவனிடம்கூடச் சொல்லவில்லை. பழைய புகைப்படத்தைப் பார்த்து, முன்னிரண்டு பல்லுக்கு நடுவில் இருந்த சின்னச் சந்தைக்கூட விடாமல் செய்துகொடுத்தாள். பொய்ப்பல் என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

மெழுகக்காவுக்கு ஒரே மகள், பத்து வயது. வீட்டிலும் பள்ளியிலும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் மட்டும் அத்தை வழி. குளியலறையில் பாடினால் மேல்மாடிக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை வாலு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைபடத்துக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். பென்சில் கடலின் நடுவில் நின்றது. "அம்..." என்றாள். மீதி வரவில்லை. கண் மேலே செருக, நாற்காலியோடு சாய்ந்து விழுந்தாள். கையும் காலும் இழுக்கத் தொடங்கின. பல்லிடுக்கில் வைக்கக் கணவன் எங்கிருந்தோ ஒரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மெழுகக்கா அவன் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"கரண்டியைத் தூரப் போடுங்க! பல்லு உடைஞ்சா நான்தான் செஞ்சு குடுக்கணும்!"

அந்த நேரத்தில் அது ஏன் தன் வாயில் வந்தது என்று அவளுக்கே பிறகு வெட்கமாக இருந்தது. ஆனால் கரண்டி போனது நல்லதுக்குத்தான் என்று நரம்பு டாக்டர் சொன்னார். இரண்டு வாரத்தில் இன்னொரு முறை வந்தது. இந்தத் தடவை டாக்டர் சொல்லிவைத்தபடி செல்போனில் படமெடுத்துக்கொண்டு போனார்கள். வலிப்பு நோய் என்று உறுதியாயிற்று. தினம் இரண்டு வேளை மாத்திரை.

"இது சாபமும் இல்ல, ஒட்டுவாரொட்டியும் இல்ல" என்றார் நரம்பு டாக்டர். சரசரவென்று பேசுகிற பெண்மணி. "மூளைக்குள்ள கரண்ட் கொஞ்ச நேரம் தாறுமாறா ஓடுது, அவ்வளவுதான். வந்தா பக்கவாட்டுல படுக்க வைங்க, நேரம் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ். வாயில எதையும் திணிக்காதீங்க. ஸ்கூல்ல சொல்லிடுங்க. அவ எங்க இருந்தாலும் இது தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஸ்கூல்ல எல்லாம் சொல்ல வேணாம்" என்றான் கணவன்.

"ஏன்?"

"ஸ்கூல்ல சொன்னா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா டெப்போவுக்குத் தெரியும். வழிவழியா வர்றதுன்னு எவனாவது ஒரு வார்த்தை சொன்னாப் போதும். போன வருஷம் ஒருத்தர் தலைசுத்துதுன்னு சொன்னதுக்கே ஸ்டீயரிங்கைப் புடுங்கிட்டு டெப்போ கேட்டுல வாட்ச்மேன் மாதிரி உக்கார வெச்சாங்க. இன்னும் கேட்டுலதான் இருக்காரு."

"அப்ப புள்ள ஸ்கூல்ல விழுந்தா யாருங்க தூக்குவா?"

"மாத்திரைதான் குடுக்கறோமே."

மூன்று நாள் இப்படியே போயிற்று. அவன் பயத்தைக் கோழைத்தனம் என்று அவளால் ஒதுக்கிவிட முடியவில்லை. பதினெட்டு வருடமாக ஓட்டுகிறான், ஒரு கீறல் இல்லை. வண்டியை விட்டால் அவனுக்கு வேறொன்றும் தெரியாது. அவளுக்கும் உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது. அலமாரி முழுக்க மற்றவர்களின் குறையை மூடி வைக்கிறவளுக்குத் தன் வீட்டுக் குறையையும் மூடிவைப்பதுதானே பழக்கம். கடைசியில் ஒரு நடுவழிக்கு வந்தார்கள். ஒரே ஓர் ஆளிடம் சொல்வது. பள்ளி விட்டதும் வாலு ஆறு மணி வரை அத்தை வீட்டில்தான் இருப்பாள். ஆகவே அத்தையிடம்.

"யாருக்கும் சொல்லிடாதக்கா" என்றான் தம்பி.

"போடா பைத்தியம். என் தொண்டை மேல சத்தியம்" என்றார் பாட்டு டீச்சர். வாலுவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழக்கூடச் செய்தார். அந்த அழுகை பொய்யில்லை என்பதுதான் மெழுகக்காவுக்குப் பின்னால் தாங்கவே முடியாமல் போன விஷயம்.

நாலு மாதம் ஒன்றும் வரவில்லை. பாட்டுக்குழுவின் ஆண்டு நிகழ்ச்சி நெருங்கியது. முதல் பாட்டைத் தனியாகப் பாடப் போகிறவள் வாலு என்று அத்தையே அறிவித்திருந்தார். குழந்தை எழுந்திருக்கும்போதும் அதைத்தான் பாடினாள், பல் துலக்கும்போதும் அதைத்தான் பாடினாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பாட்டு நின்றது. கேட்டால் "தொண்டை சரியில்ல" என்றாள். புதன்கிழமை "ஸ்கூலுக்குப் போகல" என்றாள். வியாழக்கிழமை அம்மா அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, எதுவும் கேட்காமல் தலைவாரத் தொடங்கினாள். பாதி பின்னலில் வாலு சொன்னாள்:

"கிளாஸ்ல பசங்க ஒரு விளையாட்டு விளையாடறாங்கம்மா. ஒருத்தன் கீழ விழுந்து கையைக் காலை உதறுவான். மத்தவங்க 'வாலு, வாலு'ன்னு கத்துவாங்க."

பின்னல் கையிலிருந்து நழுவியது. அவள் அதை மறுபடி எடுத்து முடித்து, ரிப்பன் கட்டினாள்.

யார் சொன்னது என்பது மறுநாளே தெரிந்தது. வக்கீலம்மா ஒருவர் பல் அடைக்க வந்திருந்தார். அவர் மகளும் பாட்டுக்குழுவில் இருந்தாள். முன்னறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. மெழுகக்கா மெழுகைச் சூடு காட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

"முதல் பாட்டு இப்ப என் பொண்ணுதான் டாக்டர். டீச்சரோட தம்பி பொண்ணுக்குத்தான் குடுத்திருந்தாங்க. பாவம், அதுக்கு வலிப்பு வருமாம். மேடையில விழுந்து வெச்சா என்ன பண்றதுன்னு டீச்சரே எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொன்னாங்க. நான் எத்தனை நாளா கேட்டுக்கிட்டிருந்தேன் தெரியுமா? சமூகக்கூடத்து அனுமதிக்கெல்லாம் நான்தானே அலையறேன்..."

கையிலிருந்த மெழுகு சொட்டி விரலில் விழுந்தது. சுட்டது. துடைக்கவில்லை. விஷயம் இவ்வளவுதான். நாத்தனாரால் வக்கீலம்மாவைப் பகைத்துக்கொள்ள முடியாது. தம்பி மகளிடமிருந்து பாட்டைப் பிடுங்கவும் ஒரு காரணம் வேண்டும். கைக்கு எட்டிய காரணம் குழந்தையின் நோய். எடுத்து நீட்டிவிட்டார்.

அன்று கணவனிடம் சொன்னாள். அவன் சட்டைப் பித்தானைத் திருகினான். "அக்கா வேணும்னு பண்ணிருக்க மாட்டா" என்றான்.

"வேணும்னு பண்ணலைன்னா வேணாம்னு பண்ணாங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள். அதற்குமேல் வீட்டில் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசவேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை. சாந்து இறுகிவிட்டது.

நேரே போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருக்கலாம். கேட்டால் அழுவார், கட்டிப்பிடிப்பார், "அவ நல்லதுக்குத்தாம்மா" என்பார், மன்னித்தாக வேண்டும். மன்னிக்க அவளுக்கு இஷ்டமில்லை. பஸ்ஸிலும் சமையலறையிலும் நடைபாதையிலும் அவள் மனசுக்குள் நாத்தனாரை நிற்கவைத்து நிற்கவைத்துக் கேட்டாள். மேடை, வெளிச்சம், முன்னூறு பேர். எல்லோரும் பார்க்கிறார்கள். எந்த நொடி உடம்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரியாமல் அங்கே நிற்பது எப்படி இருக்கும், அண்ணி?

அதற்கு வழி தானாகவே பின்கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. நிகழ்ச்சிக்கு நாலு நாள் இருக்கும்போது பாட்டு டீச்சர் வந்து, கைக்குட்டையில் சுற்றிய செட்டை நீட்டினார். பல் இல்லாத மேலுதடு உள்ளே மடிந்து போயிருந்தது.

"கொஞ்சம் லூசா இருக்கும்மா. மேடைக்கு முன்னாடி இறுக்கிக் குடுத்துடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "வாலு விஷயத்துல உனக்குக் கோவம் ஒண்ணும் இல்லியே? அவ நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"கோவமா? சேச்சே, என்ன அண்ணி நீங்க" என்றாள் மெழுகக்கா. "அரை மணி நேரம் உக்காருங்க."

மேல்வரிசை செட்டை வாய்க்குள் பிடித்துவைப்பது கம்பியோ பசையோ இல்லை. அண்ணத்தின் கடைசியில், கெட்டியான இடம் முடிந்து மெத்தென்று ஆகும் இடத்தில், செட்டின் பின்விளிம்பு மெல்லிய கரை மாதிரி அழுந்தி நிற்கும். காற்று உள்ளே புகாது. அந்தக் கரைதான் பூட்டு. கரை குறைந்தால் பேச்சில் தெரியாது, வாயை அகலத் திறந்து உச்சத்தில் பாடும்போதுதான் பூட்டு விடும். மெழுகக்கா மோட்டாரைப் போட்டாள். முதலில் பக்கங்களை ஒழுங்காக இறுக்கினாள், போட்டுப் பார்த்தால் கச்சிதமாகத் தெரியவேண்டும். அப்புறம் செட்டைத் திருப்பிக் கரையைச் சுழலும் உருளைக்கல்லில் வைத்தாள். ஒரு மயிரிழை. இன்னும் ஒரு மயிரிழை. இளஞ்சிவப்புத் தூள் மேசையில் உதிர்ந்தது. பதினான்கு வருடத்தில் வேண்டுமென்றே ஒரு வேலையைக் கெடுப்பது அதுதான் முதல் தடவை. கை அவ்வளவு நிதானமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம். பளபளப்பாக மெருகேற்றி, கழுவி, கைக்குட்டையிலேயே வைத்துக் கொடுத்தாள்.

பாட்டு டீச்சர் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் சிரித்து, "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார்.

நிகழ்ச்சி மாலை ஐந்து மணிக்கு. மெழுகக்கா வாலுவையும் அழைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில், மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கணவன் பஸ் ஓட்டப் போயிருந்தான். வக்கீலம்மா மகள் முதல் பாட்டைப் பாடினாள், மோசமில்லை. வாலு அம்மாவின் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். நாலாவது பாட்டு டீச்சருடையது.

முதல் இரண்டு அடி நன்றாகப் போயிற்று. மூன்றாவது அடியில் குரலை மேலே கொண்டுபோய் வாயை அகலத் திறந்து நிறுத்தினார். அப்போது மைக்கில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கூடத்தில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருத்திக்குத் தெரிந்தது. டீச்சர் சட்டென்று வாயை மூடினார். நாக்கால் தூக்கி அழுத்தினார். தாடை இறுகியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடியைப் பாடினார், சொல்லெல்லாம் மூக்கு வழியாக வந்தது. மறுபடி மேலே போகவேண்டிய இடம் வந்தது. போகவா வேண்டாமா என்று அவர் கண் அலைந்தது. மெழுகக்கா அந்தக் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை. வாயில் கற்கண்டு கரைகிற மாதிரி இருந்தது அவளுக்கு. பாடுங்க அண்ணி, பாடுங்க.

அவர் பாடினார். மறுபடி 'டக்'. இந்தத் தடவை தாடை ஒரு பக்கமாகக் கோணியது, கன்னம் துடித்தது, எச்சில் வழிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளாடியபடி மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது: "ஐயையோ, இவங்களுக்கும் வலிப்பா?" அவ்வளவுதான். வரிசைக்கு வரிசை அது ஓடியது. "தம்பி பொண்ணுக்கும் இருக்குல்ல? குடும்பத்துலயே இருக்கு போல."

மெழுகக்காவின் வாயிலிருந்த கற்கண்டு அந்த இடத்தில் கல்லாயிற்று. இதை அவள் யோசிக்கவில்லை. பல் விழும், சிரிப்பார்கள் என்றுதான் கணக்கு. நாத்தனாரே மூட்டிவைத்த நெருப்பு இப்படிச் சுற்றிக்கொண்டு வரும் என்று நினைக்கவில்லை.

ஐந்தே நாளில் அது டெப்போவுக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காவுக்கு வலிப்பு, மகளுக்கு வலிப்பு. நடுவில் இருக்கிறவன் கையில் அறுபது பேர் போகிற பஸ். மேலாளர் கூப்பிட்டு, மருத்துவப் பரிசோதனை முடியும் வரை கேட்டில் உட்காரச் சொன்னார். கணவன் மத்தியானமே வீட்டுக்கு வந்து, சீருடையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அக்காவுக்கு எப்படி வந்துச்சு? ஒரு நாளும் இல்லாம..."

"அது வலிப்பு இல்லங்க" என்றாள் அவள். எல்லாவற்றையும் சொன்னாள். செட், கரை, மோட்டார், மயிரிழை.

அவன் அவளை யாரோ மாதிரி பார்த்தான். "உனக்கு என் வேலை ஞாபகத்துக்கே வரலியா?" என்று மட்டும் கேட்டான். வரவில்லை என்பதுதான் உண்மை.

மறுநாள் பல் டாக்டர் பின்னறைக்கு வந்தார். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, அவள் மேசையில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணின் செட்டை வைத்தார். "பாட்டு டீச்சர் முன்பக்கமா வந்திருக்காங்க. உன்கிட்ட வராம என்கிட்ட. பாரு."

அவள் பார்க்கவேண்டியதில்லை.

"இது தேய்ஞ்சது இல்ல, தேய்ச்சது" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். நான்தான்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டார், சொன்னாள். வேலையை விட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். "போறதுக்கு முன்னாடி கெடுத்ததைச் சரி பண்ணணும் இல்ல? புதுசா செய்யணும். அச்சும் நீயே எடு. சொல்லவேண்டியதையும் நீயே சொல்லு. நான் வெளிய போய் அரை மணி நேரம் பேப்பர் படிக்கறேன்." கதவருகே நின்று திரும்பினார். "இன்னொரு தடவை என் ஆஸ்பத்திரியில உன் கை இப்படிப் போச்சுன்னா நானே உன்னை வாசல் கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுவேன்."

பாட்டு டீச்சர் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தார். "வாயைத் திறங்க அண்ணி" என்று சொல்லி, அச்செடுக்கும் பசையைத் தட்டோடு உள்ளே ஏற்றி அழுத்திப் பிடித்தாள். பசை இறுக மூன்று நிமிடம் ஆகும். அதுவரை வாயை மூட முடியாது, பேச முடியாது, எழுந்து போகவும் முடியாது.

"தேய்ச்சது நான்தான்" என்றாள் மெழுகக்கா.

நாத்தனாரின் கண் விரிந்தது. கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

"அசையாதீங்க, அச்சு கெட்டுடும். வேணும்னேதான் தேய்ச்சேன். மேடையில நீங்க முழிச்சீங்க பாருங்க, அதைக் கண்ணு குளிரப் பாத்தேன். உங்க பல்லை ஆறு வருஷமா என் வயித்துக்குள்ள வெச்சிருந்தேன், உங்க தம்பிகிட்டகூடச் சொல்லல. என் புள்ள சமாச்சாரத்தை உங்களால நாலு மாசம் வெச்சிருக்க முடியல. ஒரு பாட்டுக்காகத் தூக்கிக் குடுத்துட்டீங்க. அவ கிளாஸ்ல பசங்க விழுந்து விழுந்து நடிக்கறாங்க, தெரியுமா உங்களுக்கு?"

எச்சில் தாடையில் வழிந்தது. கண்ணிலிருந்தும் வழிந்தது. மெழுகக்கா எச்சிலை மட்டும் துடைத்தாள்.

"மூணு நிமிஷம் எவ்வளவு நீளம் பாத்தீங்களா? அவளுக்கு வர்றதும் இவ்வளவு நேரம்தான். இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு, கேளுங்க. உங்களுக்கு வலிப்புன்னு ஊரு பேசுது. பேசட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உங்க தம்பி கேட்டுல உக்காந்திருக்காரு. நாளன்னிக்குப் பயிற்சிக்குப் போவீங்க. எல்லார் முன்னாடியும் உங்களுக்கு வந்தது என்னன்னு சொல்லுங்க. வாலு பத்தி நீங்க சொன்னது தப்புன்னும் சொல்லுங்க. புது செட்டுக்கு ஒரு வாரம் ஆகும். நீங்க சொல்லலைன்னா ரெண்டு மாசமும் ஆகும்."

அச்சைக் கழற்றினாள். நாத்தனார் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கைக்குட்டையால் உதட்டை மூடிக்கொண்டார். "பல்லில்லாமயா போய் நிக்கச் சொல்ற?" என்றார். சொற்கள் காற்றோடு வந்தன.

"விழுந்து எழுந்திரிச்சவ ஸ்கூலுக்குப் போய் நிக்கறா அண்ணி."

நாத்தனார் போனார். மெழுகக்காவும் போய்க் கூடத்தின் கடைசியில், தூணோரமாக நின்றாள். நாற்பது பேர் முன்னால் பாட்டு டீச்சர், மடிந்த உதட்டோடு, கைப்பையிலிருந்து பழைய செட்டை எடுத்து மேசையில் வைத்தார். "எனக்கு வந்தது வலிப்பு இல்ல. இது கழண்டுடுச்சு. என் தம்பி பொண்ணுக்கு வலிப்பு இருக்கு. அதை உங்ககிட்ட சொல்ல எனக்கு உரிமை இல்ல. அவளால பாட முடியாதுன்னு சொன்னதும் பொய்."

இந்த இடத்துக்காகத்தான் மெழுகக்கா இரண்டு நாள் தூங்காமல் காத்திருந்தாள். ஆனால் நடந்தது வேறு. வக்கீலம்மா எழுந்து போய் டீச்சரைக் கட்டிக்கொண்டார். "இதுக்கா டீச்சர் இவ்வளவு கஷ்டப்பட்டீங்க? எனக்கே கடைவாயில ரெண்டு கட்டின பல்லு." ஒரு பெரியவர் தன் செட்டையே வெளியே எடுத்துக் காட்டினார். கூடம் சிரித்தது. டீச்சரும் பொக்கை வாயோடு அழுதுகொண்டே சிரித்தார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஐந்து நிமிடம். ஐந்தே நிமிடத்தில் பல் போன கதை ஊருக்குப் பிடித்த கதையாகிவிட்டது. வாலு பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மெழுகக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. அதன் பக்கத்தில் இப்போது இன்னும் நாற்பது பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த வாரம் டெப்போவின் மருத்துவர் கணவனிடம் காகிதத்தைப் பார்த்துக் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது வலிப்பு உண்டா?" அவன் பிறகு வீட்டில் சொன்னான்: "இல்லன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் என்னமோ தெரியல. 'என் பொண்ணுக்கு இருக்கு சார். எனக்கு இல்ல. எல்லா டெஸ்ட்டும் எடுத்துக்குங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்'ன்னு சொல்லிட்டேன்." பதினேழு நாள் கழித்து ஸ்டீயரிங் திரும்பக் கிடைத்தது. அந்தப் பதினேழு நாளும் அவன் மனைவியிடம் சரியாகப் பேசவில்லை. பேசத் தொடங்கிய நாளில், "ஸ்கூல்ல போய் சொல்லிடு" என்றான்.

அவள் போனாள். தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, சாந்தில் வார்த்த ஒரு தாடையையும் ஒரு கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் தாடைக்குள் கரண்டியைத் திணித்து அழுத்தினாள். முன்பல் இரண்டு பட்டென்று உடைந்து தெறித்தன. குழந்தைகள் 'ஆ' என்றார்கள்.

"இதுக்குத்தான் வாயில எதையும் வைக்கக் கூடாது. பக்கவாட்டுல படுக்க வைக்கணும், தலைக்கு அடியில பையை வைக்கணும், கடிகாரத்தைப் பாக்கணும்."

அவள் அதோடு முடிக்கப் பார்த்தாள். வாலு கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து முன்னால் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. விழுந்து நடித்துக் காட்டிய பையனுக்கு நேராகப் போய் நின்றாள்.

"நீ பண்றது தப்பு" என்றாள். "என் வீடியோவை நானே பாத்திருக்கேன். கண்ணு மேல போகும். கை இப்படி மடங்கித்தான் இழுக்கும். நீ பண்றது டான்ஸ். பண்றதுன்னா ஒழுங்கா பண்ணு, வா, சொல்லித் தரேன்."

பையன் முகம் வெளுத்துப் போயிற்று. வகுப்பே அவனைப் பார்த்துச் சிரித்தது. மெழுகக்கா மகளைக் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவளுக்கு நெஞ்சு விம்மிக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம் வாலுவுக்கு வகுப்பில் ஒரு முறை வந்தது. பக்கவாட்டில் படுக்கவைத்தார்கள்; இரண்டு நிமிடம் நாற்பது வினாடி என்று கடிகாரம் பார்த்துச் சொன்னவன் அந்தப் பையன்தான். அதற்குப்பின் மாத்திரை அளவை மாற்றினார்கள். நெடுநாளாக ஒன்றும் இல்லை. பாட்டுக்குழுவில் திரும்பச் சேர வக்கீலம்மாவே வந்து அழைத்தார். வாலு "வேணாம் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போது பள்ளியில் பாடுகிறாள்.

புது செட்டை மெழுகக்கா ஒரு குறையும் இல்லாமல் செய்துகொடுத்தாள். அதற்குப்பின் நாத்தனார் பின்கதவுப் பக்கம் வரவே இல்லை. குடும்ப விசேஷங்களில் இருவரும் பார்த்துக்கொள்வார்கள், "சாப்பிட்டீங்களா அண்ணி", "ஆச்சும்மா" என்பதோடு சரி. கணவன் இரண்டு பேரையும் சேர்த்துவைக்க ஓரிரு முறை முயன்று விட்டுவிட்டான். வேலையைக் கெடுத்ததுக்காக அவளுக்கு டாக்டரிடம் மட்டும் வெட்கம் உண்டு, கணவனிடம் குற்ற உணர்ச்சி உண்டு. நாத்தனாரிடம் இன்றுவரை ஒன்றும் இல்லை.

போன மாதம் அவர்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பெண் வந்தாள். அவள் மகனுக்கும் அதே நோய், அந்த வாரம்தான் தெரிந்திருந்தது. கண் வீங்கியிருந்தது. "யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு வீட்டுக்காரர் சொல்றாருக்கா. ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும், நம்பிக்கையான ஆளாப் பாத்து..."

"வேணாம்" என்றாள் மெழுகக்கா. "எல்லார்கிட்டயும் சொல்லு. இல்லைன்னா யார்கிட்டயும் சொல்லாத. ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லாத."

கீழ்வீட்டுப் பெண் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. டீ வேண்டாம் என்றாள், படியிறங்கிப் போனாள். மறுநாள் காலை தன் கணவனையும் அழைத்துக்கொண்டு மறுபடி வந்து மணியை அடித்தாள். வாலுதான் கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு, செல்போனில் தன் வீடியோவைத் தேட ஆரம்பித்தாள்.